ப்ரொஜெக்டர் வந்துருச்சு, பழைய டெக்கு, டிடிஎச் பாக்ஸ், ஹோம் தியேட்டர் எல்லாத்தையும் எப்படி ஒண்ணா மாட்டுறது?

கீழக்கரைக்காரன்:
அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். மச்சான் துபாய்ல இருந்து லீவுக்கு வரும்போது ஒரு ப்ரொஜெக்டர் கொண்டாந்து குடுத்துட்டு போயிட்டாரு. அவரு ரூம்ல வச்சு பாத்தது, 1080பி, லேம்ப் மாடல், ரெண்டு எச்டிஎம்ஐ, ஒரு விஜிஏ, ஒரு ஹெட்போன் ஓட்டை. மஞ்ச சிவப்பு வெள்ளை ஏவி ஓட்டை கிடையவே கிடையாது. வீட்ல ஏற்கனவே கெடக்குற சாமான் என்னன்னா 43 இஞ்ச் 4கே டிவி, டிடிஎச் எச்டி பாக்ஸ், டிவி பின்னாடி சொருகுற ஸ்ட்ரீமிங் ஸ்டிக், பழைய 5.1 டிவிடி ஹோம் தியேட்டர் (டிவிடி தட்டு செத்துப்போச்சு, சவுண்டு இன்னும் அதிரும்), அப்புறம் வாப்பாவோட டெக்கு.

டெக்குன்னா வீடியோ கேசட் டெக்கு தான், சின்னப் புள்ளைங்களுக்கு தெரியாது. வாப்பா 1988-ல கொண்டாந்தது, மல்டி சிஸ்டம். அதுக்கு தான் இவ்வளவு மெனக்கெடல். உம்மா வாப்பா கல்யாண கேசட் ரெண்டு இருக்கு, 1989. அடுத்த மாசம் லாத்தா (அக்கா) புள்ளைங்களோட ஷார்ஜால இருந்து வருது. வாப்பா மவுத்தாகி ஆறு வருசம் ஆச்சு, அந்தப் புள்ளைங்க அவர படுக்கைல பாத்தது தான். ஹால் சுவத்துல பெருசா போட்டு காட்டணும்.

இதுவரைக்கும் நான் செஞ்சது: டிவில ஏஆர்சின்னு எழுதியிருக்குற எச்டிஎம்ஐ ஓட்டைல இருந்து வயர எடுத்து ப்ரொஜெக்டர்ல சொருகுனேன், எல்லாமே டிவிக்கு தான வருது அங்க இருந்து அப்படியே சுவத்துக்கு போயிரும்னு. சிக்னல் இல்லைன்னு நீலமா நிக்குது. அப்புறம் ராம்நாடு அரண்மனை பக்கம் ஒரு கடைல கேட்டு டெக்குக்கு ஒரு குட்டி டப்பா கன்வெர்ட்டர் வாங்கினேன், அதுவும் நீலம் தான். எங்க தப்பு?

தொண்டிதம்பி:
ப்ரோ டெக்க எல்லாம் பழைய இரும்புக்கு போடுங்க, கேசட்ட மதுரைல குடுத்தா பென்டிரைவ்ல ஏத்தி குடுத்துருவாங்க, ஸ்டிக்க நேரா ப்ரொஜெக்டர்ல சொருகுங்க, வேலை முடிஞ்சுது.

பாம்பன்காத்து:
தம்பி சொல்றது ஒரு வழி, ஆனா அவரு கேட்டதுக்கு பதில் இல்ல. முதல்ல அந்த டிவி விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா இந்தத் தப்ப பண்ணாத ஆளே கிடையாது.

வீட்டு டிவில இருக்குற எச்டிஎம்ஐ ஓட்டை எல்லாமே உள்ள வாங்குறது மட்டும் தான். 2, 3, 4 எத்தன போட்டிருந்தாலும் சரி. படம் அது வழியா வெளிய வராது. ஏஆர்சின்னு எழுதியிருக்கே அது வெளிய போகுதே அப்படின்னு நெனைச்சிருப்பீங்க, போகுறது சவுண்டு மட்டும். 2009-ல எச்டிஎம்ஐ 1.4 வந்தப்ப சேத்த வசதி அது, டிவில ஓடுற சவுண்ட அதே வயர்ல திருப்பி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புறதுக்காக. அதனால டிவிக்கு அப்புறம் ப்ரொஜெக்டர் வைக்க முடியாது, டிவிக்கு முன்னாடியே சிக்னல பிரிக்கணும்.

ரெண்டாவது, அந்தக் குட்டி டப்பாவ திருப்பி பாருங்க, மேல என்ன எழுதியிருக்கு?

கீழக்கரைக்காரன்:
எச்டிஎம்ஐ2ஏவி-ன்னு போட்டிருக்கு.

பாம்பன்காத்து:
அதான் சங்கதி. அது எச்டிஎம்ஐய வாங்கி மஞ்ச சிவப்பு வெள்ளையா தர்றது, புது பாக்ஸ பழைய குண்டு டிவில மாட்டுறவங்களுக்கு. உங்களுக்கு வேண்டியது ஏவி2எச்டிஎம்ஐ. ரெண்டும் ஒரே சைஸு, ஒரே டப்பா, ஒரே விலை, எழுத்து மட்டும் முன்ன பின்ன. இந்த மாதிரி குட்டி டப்பா ஒரு பக்கமா தான் ஓடும், திருப்பி மாட்டுனா ஓடாது. மாத்தித் தரச் சொல்லுங்க. டப்பாவுக்கு தனியா 5 வோல்ட் கரண்ட் வேணும், கூட வர்ற சின்ன யூஎஸ்பி வயர செல்போன் சார்ஜர்ல போடுங்க, டிவி யூஎஸ்பில போட்டா டிவிய அணைச்சதும் இதுவும் சேந்து அணைஞ்சுரும்.

உச்சிப்புளிடீச்சர்:
இதே கதை எங்க ஸ்கூல்லயும் நடந்துச்சு! ப்ரொஜெக்டர்ல விஜிஏ மட்டும், புது லேப்டாப்புல எச்டிஎம்ஐ மட்டும். ஒரு சார் வாங்கிட்டு வந்தது விஜிஏல இருந்து எச்டிஎம்ஐ போறது, ஒரு வாரம் ப்ரொஜெக்டர் ரிப்பேர்னே நெனைச்சுட்டு இருந்தோம். இப்ப சரியானத வாங்கிட்டோம் ஆனா படம் மட்டும் வருது சவுண்டு வரல.

பாம்பன்காத்து:
டீச்சர், விஜிஏ வயர்ல சவுண்டுக்கு கம்பியே கிடையாது, 15 பின்னும் படத்துக்கும் அது சம்பந்தப்பட்ட தகவலுக்கும் தான். உங்க கன்வெர்ட்டர் பக்கவாட்டுல 3.5 எம்எம் ஓட்டை இருக்கான்னு பாருங்க, இருந்தா அதுல இருந்து ஸ்பீக்கருக்கு இழுங்க. இல்லாட்டி லேப்டாப் ஹெட்போன் ஓட்டைல இருந்தே எடுத்துட்டு, லேப்டாப் செட்டிங்ல சவுண்ட ஸ்பீக்கர்னு மாத்துங்க, எச்டிஎம்ஐன்னு நின்னா சத்தம் வராது.

மண்டபம்ஒயர்மேன்:
கீழக்கரை தம்பி ஒரு கேள்வி. துபாய் சாமான்னா அந்த தடிச்ச மூணு கட்டை பிளக்கு இருக்குமே, அத எப்படி சொருகியிருக்கீங்க?

கீழக்கரைக்காரன்:
ட்ராவல் அடாப்டர் ஒண்ணு போட்டு ரெண்டு பின் பாயிண்ட்ல காக்கா (அண்ணன்). ஏன் கேக்குறீங்க? ஆனா ஒண்ணு, எச்டிஎம்ஐ வயர சொருகும்போது கைல சுர்ருன்னு ஒரு சின்ன அடி அடிக்குது, காலைல செருப்பு போட்டிருந்தேன் அடிக்கல, ராத்திரி வெறுங்கால், அடிச்சுது.

மண்டபம்ஒயர்மேன்:
நெனைச்சேன். முதல்ல எல்லாத்தையும் ஆஃப் பண்ணு, ஸ்விட்ச் மட்டும் இல்ல, பிளக்க உருவிடு. நான் சொல்ற வரைக்கும் எச்டிஎம்ஐய தொடாத.

அந்த பிளக்குல மேல இருக்குற பெரிய கட்டை எர்த்து. உன் ட்ராவல் அடாப்டர் ரெண்டு பின்னு, அதுல எர்த்து அந்தரத்துல நிக்குது. ப்ரொஜெக்டர் உள்ள இருக்குற பவர் சப்ளைல கரண்ட் இரைச்சல வடிகட்ட ரெண்டு சின்ன கெப்பாசிட்டர் இருக்கும், ஃபேஸ்ல இருந்து ஒண்ணு நியூட்ரல்ல இருந்து ஒண்ணு, ரெண்டும் பாடில சேரும். பாடி எர்த்துல கட்டியிருந்தா அந்த கொஞ்சூண்டு லீக்கேஜ் மண்ணுக்கு போயிரும். எர்த்து இல்லேன்னா பாடியே ஏறக்குறைய பாதி வோல்டேஜுல மெதக்கும், 230-க்கு பாதி 115 வச்சுக்க. ஆம்பியர் ரொம்ப கம்மி அதனால சுர்ருன்னு கடிச்சதோட விட்டுச்சு. டெஸ்டர எச்டிஎம்ஐ வாய் தகரத்துல வச்சு பாரு மினுக் மினுக்குன்னு எரியும்.

ஆளுக்கு சின்ன கடி தான், சாமானுக்கு அது பெரிய அடி. டிடிஎச் பாக்ஸ்ல மாடியில இருந்து டிஷ் வயர் வருது, அது ஒரு பக்கம் இரும்புக் கம்பத்தோட தொட்டுட்டு நிக்கும். ஓடுற நேரத்துல எச்டிஎம்ஐய சொருகும்போது அந்த வித்தியாசம் முழுசும் குட்டி குட்டி பின்னு வழியா பாயும். எத்தன டிவில எச்டிஎம்ஐ போர்ட் மட்டும் செத்துப்போச்சுன்னு என்கிட்ட வந்திருக்கு தெரியுமா. அந்த அடாப்டர தூக்கி போட்டுட்டு, எர்த்து உள்ள நம்ம ஊரு மூணு பின் பிளக்கு வயர் தனியா கிடைக்கும், கம்ப்யூட்டர் மானிட்டருக்கு போடுற அதே வயர், அத மாட்டு. அப்புறம் டிவி, பாக்ஸ், ஹோம் தியேட்டர், ப்ரொஜெக்டர் எல்லாம் ஒரே போர்டுல இருந்து எடு. ஒண்ணு ஹால்ல ஒண்ணு பக்கத்து ரூம்லன்னு எடுத்தா ஸ்பீக்கர்ல ம்ம்ம்முன்னு ஒரு முனகல் வரும், படத்துல ஒரு பட்டை மெதுவா மேல ஏறும்.

தங்கச்சிமடத்தான்:
காக்கா கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க, நம்ம பக்கம் உப்புத் தண்ணி மண்ணு, எர்த்து நல்லாத் தானே எடுக்கும்?

மண்டபம்ஒயர்மேன்:
மண்ணு எடுக்கும்யா, குழி வரைக்கும் கம்பி இருக்கணும்ல! உப்புக் காத்துல எர்த்து கம்பி முடிச்சு பச்சை பூத்து அறுந்து தொங்கும், மேல சிமெண்ட் பூசி மூடியிருப்பாங்க, வீட்டுக்காரங்களுக்கு தெரியவே தெரியாது. நான் பாத்த பத்து வீட்ல நாலு வீடு அப்படித்தான்.

கீழக்கரைக்காரன்:
ஒயர் மாத்திட்டேன் காக்கா, ஜசாக்கல்லாஹ். இப்ப கடி இல்ல. கன்வெர்ட்டரையும் மாத்திட்டேன், கடைக்காரர் மூஞ்ச சுழிச்சுக்கிட்டே குடுத்தாரு. இப்ப மொத்தமா எப்படி மாட்டுறதுன்னு சொல்லுங்க.

பாம்பன்காத்து:
ஸ்விட்ச், ஸ்ப்ளிட்டர் ரெண்டுக்கும் வித்தியாசம் தெரிஞ்சா முக்கால்வாசி வேலை முடிஞ்சுது. ராமேஸ்வரம் ஸ்டேஷன்ல எத்தன லைன் இருந்தாலும் பாலத்துக்கு வரும்போது ஒரு நேரத்துல ஒரு ரயில் தான், அது ஸ்விட்ச். மூணு நாலு சாமான் உள்ள வரும், ஒண்ணு வெளிய போகும், பட்டன அமுக்கி மாத்திக்கணும். ஸ்ப்ளிட்டர் நேர் எதிர், ஒண்ணு உள்ள போகும் அதே படம் ரெண்டு வாயில வெளிய வரும். கடைல ரெண்டையும் மாத்தி மாத்தி சொல்லுவாங்க, டப்பா மேல 3க்கு 1-ன்னு போட்டிருந்தா ஸ்விட்ச், 1க்கு 2-ன்னு போட்டிருந்தா ஸ்ப்ளிட்டர்.

உங்க வீட்டுக்கு: டிடிஎச் பாக்ஸ், ஸ்டிக், டெக்கோட கன்வெர்ட்டர் மூணும் ஸ்விட்ச்சுக்கு. ஸ்விட்ச்சுல இருந்து ஒரு வயர் ஸ்ப்ளிட்டருக்கு. ஸ்ப்ளிட்டர்ல ஒரு வாய் டிவிக்கு சின்ன வயர், இன்னொரு வாய் ப்ரொஜெக்டருக்கு பெரிய வயர். அவ்வளவு தான். ப்ரொஜெக்டருக்குன்னு போறது ஒரே ஒரு வயர்.

சவுண்ட ப்ரொஜெக்டருக்கு கொண்டு போகவே வேணாம். அதோட ஹெட்போன் ஓட்டைல இருந்து திருப்பி முன்னாடி வரைக்கும் பத்து மீட்டர் ஆடியோ வயர் இழுக்குறவங்கள பாத்திருக்கேன், இரைச்சல் தான் மிச்சம். டிவிக்கும் அதே சிக்னல் வருதுல்ல, டிவி பின்னாடி ஆப்டிகல் அவுட் இருக்கும், சின்ன சதுர ஓட்டை, உள்ள சிவப்பு வெளிச்சம் தெரியும். அத ஹோம் தியேட்டர் ஆப்டிகலுக்கு மாட்டுங்க. டிவி சவுண்ட் செட்டிங்ல பிசிஎம்-னு (அமுக்காத சாதா டிஜிட்டல் சவுண்டு) வைங்க. ப்ரொஜெக்டர்ல பாக்கும்போது டிவி வெளிச்சம் தொந்தரவா இருக்கும், பல டிவில படத்த மட்டும் அணைக்குற ஆப்ஷன் இருக்கு, சவுண்டு ஓடிட்டே இருக்கும்.

தொண்டிதம்பி:
ப்ளூடூத் ஸ்பீக்கர்ல போட்டா வயரே வேணாமே?

பாம்பன்காத்து:
வாய் அசைஞ்சதுக்கு அப்புறம் சத்தம் வரும் தம்பி, பாட்டுக்கு ஓகே, படத்துக்கு எரிச்சல். ஆப்டிகல்ல எதிர்மாறா சில நேரம் சத்தம் கொஞ்சம் முந்தும், ஏன்னா ப்ரொஜெக்டர் படத்த உள்ள வாங்கி நோண்டி வெளிய விட கொஞ்ச நேரம் எடுத்துக்கும். அதுக்கு ப்ரொஜெக்டர கேம் மோடுல வச்சா குறையும், இல்ல டிவில ஆடியோ டிலே இருந்தா கொஞ்சம் ஏத்தணும்.

கீழக்கரைக்காரன்:
மாட்டிட்டேன். டிடிஎச் ரெண்டுலயும் வருது, மாஷா அல்லாஹ்! ஆனா ஸ்டிக்குக்கு மாத்துனா டிவில வருது, ப்ரொஜெக்டர் நீலம். இன்னொண்ணு, டிடிஎச்ல கூட இருட்டு சீன்ல வெள்ளை வெள்ளையா புள்ளி மின்னுது, மீன் குஞ்சு துள்ளுற மாதிரி.

பாம்பன்காத்து:
ரெண்டும் ரெண்டு நோய்.

ஸ்டிக்கு முதல்ல. எச்டிஎம்ஐல சாமான சொருகுனதும் ரெண்டும் பேசிக்கும். எதிர்ல இருக்குற டிவி நான் இந்த சைஸ் வரைக்கும் காட்டுவேன், இந்த மாதிரி சவுண்டு வாங்குவேன்னு ஒரு சீட்டு நீட்டும், அதுக்கு ஈடிஐடின்னு பேரு. உங்க ஸ்ப்ளிட்டர் டிவியோட சீட்ட மட்டும் வாங்கி ஸ்டிக்குகிட்ட குடுக்குது, அது 4கே-ன்னு சொல்லுது, ஸ்டிக்கும் 4கே அனுப்புது, 1080பி ப்ரொஜெக்டர் திருதிருன்னு முழிக்குது. கூடவே திருட்டு காப்பிய தடுக்க எச்டிசிபின்னு ஒரு பூட்டு இருக்கு, 4கே படத்துக்கு பெரும்பாலும் 2.2 கேப்பான், பழைய ப்ரொஜெக்டர் கிட்ட 1.4 தான் இருக்கும். வைத்தியம் லேசு: ஸ்டிக் செட்டிங்ல போய் ஆட்டோன்னு இருக்குறத எடுத்துட்டு 1080பி-ன்னு நிறுத்துங்க, சவுண்டையும் பிசிஎம்-னு வைங்க. 43 இஞ்ச் டிவில தள்ளி உக்காந்து பாக்குறவங்களுக்கு 4கே போனது கூட தெரியாது, சத்தியமா.

புள்ளி மின்னுறது வயர். எத்தன மீட்டர்?

கீழக்கரைக்காரன்:
15 மீட்டர், மீதி சுருட்டி அலமாரி மேல கெடக்கு. கோல்டு பிளேட்டட்னு சொல்லி அதிகம் வாங்கினான்.

மண்டபம்ஒயர்மேன்:
தங்கம் பூசுனா துரு பிடிக்காது, நம்ம ஊருக்கு அது நல்லது தான். ஆனா படம் பளிச்சுனு வரும்ங்கிறது கதை.

பாம்பன்காத்து:
ஆமா. செம்புக் கம்பி எச்டிஎம்ஐ நீளம் கூடக்கூட சிக்னல் தேஞ்சுரும். 1080பிக்கு பத்து மீட்டர் வரைக்கும் தரமான வயர்ல ஓடும், அதுக்கு மேல ஃபைபர் எச்டிஎம்ஐ போங்க. அதுல ஒரு முனை சோர்ஸ், ஒரு முனை டிஸ்ப்ளேன்னு எழுதியிருக்கும், திருப்பி மாட்டுனா ஓடாது, சுவத்துக்குள்ள குழாய்ல இழுக்குறதுக்கு முன்னாடி வெளிய வச்சு டெஸ்ட் பண்ணிட்டு இழுங்க. உங்களுக்கு அதெல்லாம் வேணாம், ஹால் எத்தன அடி?

கீழக்கரைக்காரன்:
நீளம் 14 அடி. உம்மா வீடு, பழைய வீடு, சுண்ணாம்பு அடிச்ச சுவரு.

பாம்பன்காத்து:
அப்ப 8 மீட்டர் வயர் போதும். ப்ரொஜெக்டர் புக்கு இருந்தா த்ரோ ரேஷியோ பாருங்க. 1.5-ன்னு போட்டிருந்தா படத்தோட அகலத்த 1.5-ஆல பெருக்குனா அவ்வளவு தூரம் தள்ளி வைக்கணும். 100 இஞ்ச் (மூலைக்கு மூலை) படம்னா அகலம் ஏழேகால் அடி, அப்ப கிட்டத்தட்ட 11 அடி. சுவத்துக்கு நேரா வைங்க, சாச்சு வச்சுட்டு கீஸ்டோன்ங்கிற செட்டிங்ல நிமித்தாதீங்க, அது படத்த நசுக்கி தான் நேராக்குது, எழுத்தெல்லாம் மங்கிரும். சுண்ணாம்புல நீலம் கலந்திருந்தா ஆளுங்க மூஞ்சி எல்லாம் செத்த மாதிரி தெரியும், ஒரு வெள்ளை காடாத் துணிய இழுத்து கட்டுங்க.

தங்கச்சிமடத்தான்:
எங்க தெருவுல ஃபுட்பால் மேட்ச் போடணும்னு பசங்க கேக்குறாங்க, துணி கட்டலாமா?

பாம்பன்காத்து:
கச்சான் காத்து அடிக்கிற மாசத்துலயா? துணி பாய்மரம் ஆயிரும், ப்ரொஜெக்டரோட சேத்து கடல்ல தேடணும். வெள்ளை அடிச்ச சுவரா பாருங்க, பொழுது நல்லா சாஞ்சப்புறம் போடுங்க. புதுசா வாங்குறதா இருந்தா டப்பா மேல ஆயிரக்கணக்குல சும்மா லூமன்ஸ்னு போட்டிருக்குறத நம்பாதீங்க, ஏஎன்எஸ்ஐ லூமன்ஸ் (முறைப்படி அளந்த வெளிச்சம்) எவ்வளவுன்னு கேளுங்க. 1080பி சப்போர்ட்டுன்னா வாங்கிக்கும்னு அர்த்தம், காட்டும்னு அர்த்தம் இல்ல, நேட்டிவ் எவ்வளவுன்னு கேளுங்க.

டெக்குவாடகை:
இப்ப தான் இந்த இழைய பாத்தேன். தம்பி கீழக்கரை, கேசட்ட டெக்குல போட்டுட்டியா? போடலேன்னா போடாத, நில்லு.

நான் ராம்நாட்டுல எண்பதுகள்ல டெக்கு வாடகைக்கு விட்டவன். டெக்கு, கலர் டிவி, மூணு கேசட்டு, ஒரு ராத்திரி, மாட்டு வண்டில எல்லாம் ஏத்திட்டுப் போயிருக்கேன். அதுக்கு முந்தி ரூபவாஹினி, 1982-ல அவன் ஆரம்பிச்சதுல இருந்து கடக்கரை ஊருல எல்லாம் ஆண்டெனாவ கெழக்க திருப்பி வச்சு பாத்தோம், ராமேஸ்வரத்துல 323 மீட்டர் டவர் எல்லாம் அப்புறம் வந்தது தான். சரி அத விடு.

கேசட்ட எடுத்து வெளிச்சத்துல பிடி. நடுவுல கண்ணாடி ஜன்னல் இருக்கும், அதுக்குள்ள டேப் சுத்தியிருக்குற விளிம்பு கறுப்பா மினுமினுன்னு இருக்கணும். வெள்ளையா மாவு தூவுன மாதிரி, இல்ல வட்டம் வட்டமா சிலந்தி நூல் மாதிரி இருந்தா அது பூசணம். நம்ம கடக்கரை ஈரத்துக்கு முப்பது வருசத்துல பூக்காம இருந்தா ஆச்சரியம். அதோட போட்டீன்னா பூசணம் டேப்ப படிக்கிற ஹெட்டுல அப்பிக்கும், படம் போயிரும், அடுத்து போடுற நல்ல கேசட்டுலயும் ஒட்டும், டேப் பிச்சுக்கிட்டா முடிஞ்சுது.

கீழக்கரைக்காரன்:
அண்ணே நல்லவேளை சொன்னீங்க, இன்னும் போடல. கேசட்டு இவ்வளவு நாளும் தொதல் (எங்க ஊரு இனிப்பு) டின்னுக்குள்ள இருந்துச்சு, உம்மா பத்திரமா வச்சிருந்தாங்க, மூடி இறுக்கமா. ஒண்ணு சுத்தமா இருக்கு. ரெண்டாவதுல ஓரத்துல வெள்ளை, மூணு இடத்துல, நகத்தளவு.

டெக்குவாடகை:
தொதல் டின்னு காப்பாத்தியிருக்கு, பெரிய விஷயம். சுத்தமா இருக்குறத வீட்ல போட்டுக்கலாம், ஆனா முதல்ல கல்யாண கேசட்ட போடாத. ஏதாவது வேண்டாத கேசட்டு ஒண்ணு போட்டு டெக்கு டேப்ப மெல்லாம திங்காம வெளிய தள்ளுதான்னு பாரு. அத்தன வருசம் சும்மா நின்ன டெக்குல ரப்பர் பெல்ட்டு இளகிப்போய் தார் மாதிரி ஒட்டியிருக்கும். அப்புறம் கல்யாண கேசட்ட முழுசா முன்னாடி ஓட்டி பின்னாடி ஓட்டி ஒருக்கா காத்தாட விடு, அப்புறம் ப்ளே. பூசணம் பிடிச்சத என்கிட்ட கொண்டா, அதுக்குன்னே ஒரு டெக்கு மூடி இல்லாம வச்சிருக்கேன், கையால துடைச்சு துடைச்சு சுத்தணும்.

இன்னொண்ணு, முதல் ப்ளேயே கடைசி ப்ளேயா ஆகலாம். அதனால யாருக்கும் காட்டுறதுக்கு முன்னாடி ரெக்கார்டு பண்ணு. யூஎஸ்பி கேப்சர் கருவி ஒண்ணு வாங்கி லேப்டாப்புல போட்டு வச்சிரு. மஞ்ச வயர் படம், வெள்ளை வயர் சவுண்டு. அந்தக் காலத்து டெக்குல பெரும்பாலும் மோனோ தான், சிவப்பு ஓட்டையே இருக்காது. வெள்ளைய மட்டும் மாட்டுனா இடது ஸ்பீக்கர்ல மட்டும் சத்தம் வரும், ஒண்ண ரெண்டாக்குற ஒய் வயர் போடு.

தொண்டிதம்பி:
அண்ணே அப்ப நான் சொன்னதும் அது தானே, பென்டிரைவ்ல ஏத்துங்கன்னு!

டெக்குவாடகை:
சொன்னது சரி தம்பி, டெக்க இரும்புக்கு போடச் சொன்னியே அதுக்கு தான் கோவம். ஓடுற டெக்கு இப்ப எங்க கிடைக்குது.

கீழக்கரைக்காரன்:
அண்ணே நேத்து ராத்திரி போட்டேன். பழைய பாட்டு கேசட்டு ஒண்ணு போட்டு பாத்துட்டு அப்புறம் தான் இத. ஓடுது! ஆனா ப்ரொஜெக்டர்ல அஞ்சு நிமிசத்துக்கு ஒரு தடவ படம் இருட்டாகி மூணு செகண்டு நீலமாகி திரும்ப வருது. படம் அகலமா இழுத்து எல்லாரும் குண்டா தெரியிறாங்க. கேமரா நகரும்போது வெட்டி வெட்டி நகருது.

டெக்குவாடகை:
குண்டா தெரியிறது 4:3 படத்த 16:9-ஆ இழுக்குறதால, ப்ரொஜெக்டர் ரிமோட்டுல ஆஸ்பெக்ட் 4:3 வை, ரெண்டு பக்கமும் கறுப்பு விழும், விழட்டும். வெட்டி நகர்றது, நம்ம ஊரு பால் (PAL) முறை கேசட்டு செகண்டுக்கு 25 படம், மலிவு கன்வெர்ட்டர் அத 60-க்கு மாத்தி தள்ளுது, கணக்கு ஒத்துவரல, அது கூடவே வாழ வேண்டியது தான்.

நீலமாகுறது தான் முக்கியம். பழைய டேப்புல ஒவ்வொரு கோடும் சரியா ஒரே நேரத்துல வராது, நடுங்கும். பழைய குண்டு டிவி அந்த நடுக்கத்தோட ஓடிரும், இந்த டப்பாவுக்கு பொறுமை கிடையாது, சிக்னல் போச்சுன்னு கைய விட்டுரும், உடனே எச்டிஎம்ஐ முதல்ல இருந்து கைகுலுக்க ஆரம்பிக்கும், அந்த மூணு செகண்டு அது தான். டெக்குல ட்ராக்கிங்னு ஒரு குமிழ் இருக்கும், படத்துக்கு கீழ குறுக்க ஓடுற கோடு கீழ எறங்கி மறையுற வரைக்கும் மெதுவா திருகு. அப்பவும் போனா டெக்குக்கும் கன்வெர்ட்டருக்கும் நடுவுல பழைய டிவிடி ரெக்கார்டர் ஒண்ண மாட்டணும், ரெக்கார்டு பண்ணத் தேவையில்ல சும்மா உள்ள போய் வெளிய வந்தா போதும். சில மாடல் உள்ள வர்ற சிக்னல நேரம் பிடிச்சு நிமித்தி அனுப்பும். என்கிட்ட அப்படி ஒண்ணு கெடக்கு, கேசட்ட கொண்டு வரும்போது எடுத்துட்டு போ.

மண்டபம்ஒயர்மேன்:
லேம்ப் ப்ரொஜெக்டர்னு சொன்னியே, கரண்டு போனா என்ன பண்ணுவ? அத டக்குனு மெயின்ல அணைக்கக் கூடாது, ரிமோட்ல அணைச்சுட்டு ஃபேன் தானா நிக்கிற வரைக்கும் விடணும், லேம்ப் கொதிச்சு கெடக்கும். சின்ன யூபிஎஸ் ஒண்ணு வை. அப்புறம் பாக்காத நாள்ல கடல் பக்கத்து ஜன்னல் கிட்ட வைக்காத, லென்ஸ மூடி ஒரு டப்பாவுல சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட வை, கேசட்டுல பூத்தது லென்ஸ்லயும் பூக்கும்.

கீழக்கரைக்காரன்:
கடைசி அப்டேட். டெக்குவாடகை அண்ணன் வீட்டுக்கு போனேன், ஒரு மத்தியானம் முழுக்க பட்ஸும் ஸ்பிரிட்டும் வச்சு டேப்ப ஜான் ஜானா துடைச்சாரு, காசு வாங்கல, ஒரு டின்னு தொதல் தான் வாங்கிக்கிட்டாரு. ரெக்கார்டர நடுவுல போட்டதும் நீலம் நின்னு போச்சு. ரெண்டு கேசட்டும் லேப்டாப்புல ஏத்தியாச்சு.

ஆனா லாத்தா வந்தப்ப ஃபைல போடல, கேசட்டையே போட்டோம், உம்மா அது தான் வேணும்னுட்டாங்க. காடாத் துணி வாங்க மறந்துட்டேன், சுவத்துலயே போட்டேன். முதல் நாலு நிமிசம் கோடு ஓடுச்சு, நான் ட்ராக்கிங்க திருகிக்கிட்டே இருந்தேன். கோடு எறங்குனதும் பாத்தா, மாப்பிள்ளை வந்து உக்காருற எடம் எங்க ஹாலு தான். அதே சுவரு. வாப்பா தலைக்கு மேல ஒரு மாடம் இருக்கு, படத்துல உள்ள மாடம் நெசமான மாடத்துக்கு ஒரு சாண் தள்ளி விழுந்துச்சு. லாத்தாவோட சின்னது எந்திரிச்சுப் போய் ரெண்டையும் தொட்டு தொட்டு பாக்குது, அது நிழல் வாப்பா மேல விழுது, உம்மா உக்காருடின்னு சத்தம் போடுறாங்க.

ப்ரொஜெக்டர ஒரு சாண் நகத்தி வைக்கணும், இன்னைக்கு ராத்திரி திரும்ப போடச் சொல்லியிருக்காங்க.

டெக்குவாடகை:
நகத்துறதுக்கு முந்தி ஆறவிட்டு நகத்து, சூட்டோட ஆட்டாத. ரெக்கார்டர் உன்கிட்டயே இருக்கட்டும்.

உச்சிப்புளிடீச்சர்:
அண்ணே எங்க வீட்லயும் நாலு கேசட்டு கெடக்கு, ஜன்னல் வழியா பாத்தேன் ரெண்டுல வெள்ளையா இருக்கு. ஞாயித்துக்கிழமை வந்தா இருப்பீங்களா?